ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்

வாசகர் கேள்வி – கண் மருத்துவர் பதில்

இந்த மாதக் கடிதக் கட்டில் நான்கு பேர் ஒரே தொல்லையை எழுதியிருக்கிறார்கள்: எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறது. தொல்லை ஒன்றுதான், நோய் நால்வருக்கும் வேறு. அதனால் நான்கையும் ஒரே இடத்தில் வைத்துப் பதில் எழுதுகிறேன்.

என் கணவருக்கு 57 வயது. பத்து வருடங்களாகச் சர்க்கரை நோய். இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு நாள் காலையில் தெருவில் வந்த பஸ் பக்கத்தில் பக்கத்தில் இரண்டாகத் தெரிகிறது என்றார். கண்ணாடிக் கடையில் பவர் மாற்றிக் கொடுத்தார்கள், பயனில்லை. ஆனால் செய்தித்தாளை நன்றாகப் படிக்கிறார். பக்கவாதத்தின் அறிகுறியோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. டி.வி. பார்க்கும்போது ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டே பார்க்கிறார்.
– வாசகி, கும்பகோணம்

அம்மா, நீங்கள் கடைசியாக எழுதிய வரிதான் நான் முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்வி. ஒரு கண்ணைப் பொத்தினால் படம் ஒன்றாகிறது என்றால், தனித்தனியாக இரண்டு கண்ணும் சரியாகவே பார்க்கின்றன. சேர்ந்து பார்ப்பதில்தான் சிக்கல். ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளைப் போன்றவை நம் கண்கள். ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் இழுக்கின்றன. அவற்றில் ஒன்று தளர்ந்தாலும் ஒரு மாடு பின்தங்கிவிடும், வண்டி கோணலாகிவிடும். இதைக் கண்ணாடியின் பவரை மாற்றிச் சரிசெய்ய முடியாது. கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. ஆனால் கண்ணாடி கண்ணாடியாக மாற்றி மூன்று மாதம் கழித்து வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

செய்தித்தாள் ஒன்றாகவும் பஸ் இரண்டாகவும் தெரிவது ஏன்? அருகில் படிக்கும்போது கண்கள் மூக்கை நோக்கித் திரும்புகின்றன. கண்ணை வெளிப்பக்கம் இழுக்கும் தசைக்கு அப்போது வேலை குறைவு. தொலைவில் பார்க்கும்போதுதான் அதன் தளர்ச்சி வெளிப்படும். அந்தத் தசையை இயக்குவது மூளையிலிருந்து வரும் ஆறாவது நரம்பு. சர்க்கரை நோயில் அந்த நரம்புக்கு உணவூட்டும் மெல்லிய ரத்தக் குழாய் அடைபடுவதுண்டு. தலையைத் திருப்பாமல் வலப்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு உருவங்களுக்கும் இடைவெளி கூடினால் வலது நரம்பு. இடப்பக்கம் கூடினால் இடது.

கடிதத்தை வைத்து இதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இந்த வாரமே கண் மருத்துவரிடமும் சர்க்கரை மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, விழித்திரை, மற்ற நரம்புகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஸ்கேன் வேண்டுமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். நான் நினைப்பதுதான் காரணம் என்றால், பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள் தானாகவே சரியாகிவிடும். அதுவரை கண்ணாடியின் ஒரு பக்கத்தில் மங்கலான டேப்பை ஒட்டிக்கொள்ளலாம். இருசக்கர வண்டியின் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கண்ணால் ஆழம் சரியாகத் தெரியாது. படி இறங்கும்போதும் சூடான காபியை ஆற்றும்போதும் கவனம் தேவை.

உங்கள் பயத்தையும் நான் ஒதுக்கவில்லை. இரட்டைப் பார்வையோடு வாய் குழறுதல், நடை தள்ளாடுதல், கை கால் மரத்தல் ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்தால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். இன்னொன்றும் உண்டு. ஒரு கண்ணின் இமை திடீரென மூடிக்கொள்ளும், அந்தக் கண்ணின் மணி மற்றதைவிட விரிந்திருக்கும், தலை கடுமையாக வலிக்கும். மூளை ரத்தக் குழாயில் உண்டான ஒரு புடைப்பு மூன்றாவது நரம்பை அழுத்துவதாக இருக்கலாம். அது வெடித்தால் உயிருக்கே ஆபத்து. காலை வரை காத்திருக்கக் கூடாது.

எனக்கு 29 வயது, பள்ளி ஆசிரியை. காலையில் எந்தத் தொல்லையும் இல்லை. மதியத்துக்குப் பிறகு கரும்பலகையில் வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன. இடது இமை சரிகிறது. தூக்கம் போதவில்லை என்கிறார்கள் வீட்டில்.
– வாசகி, விருதுநகர்

டீச்சர், தூக்கம் கெட்டால் கண் எரியும், கனக்கும். வரிகள் இப்படி ஏறாது. காலையில் நலம், மாலையில் தளர்ச்சி என்பது மயஸ்தீனியா கிரேவிஸ் என்ற நோயின் கையெழுத்து. நரம்பு அனுப்பும் செய்தியைத் தசை வாங்கிக்கொள்ளும் வாசலை, நம் உடலின் எதிர்ப்புச் சக்தியே அடைத்துவிடுகிறது. காலையில் ஒரு படம், மாலையில் ஒரு படம் என்று உங்கள் முகத்தைக் கைபேசியில் ஒரு வாரம் எடுத்து, நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். என் அறையில் நான் செய்யும் சோதனை மிக எளியது: துணியில் சுற்றிய பனிக்கட்டியை மூடிய இமைமேல் இரண்டு நிமிடம் வைப்பேன். சரிந்த இமை கண்ணெதிரே உயர்ந்தால், நோயாளியும் நானும் ஒரே நேரத்தில் மூச்சு விடுவோம். உயராவிட்டாலும் நோய் இல்லை என்று அர்த்தமல்ல. ரத்தப் பரிசோதனையும், எதிர்ப்புச் சக்தியோடு தொடர்புள்ள தைமஸ் சுரப்பியைப் பார்க்க மார்பு ஸ்கேனும் உண்டு. நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. நோய் உறுதியானால் எந்த மருத்துவரிடம் போனாலும் அதைச் சொல்லிவிடுங்கள். சில ஆன்டிபயாட்டிக் மருந்துகள் இதைக் கூட்டிவிடும். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் வந்தால் அன்றைக்கு வகுப்பு வேண்டாம், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

என் அம்மாவுக்கு 70 வயது. வானத்தில் நான்கு நிலா தெரிகிறது என்கிறார். பயந்துபோய் மூளை ஸ்கேன் எடுத்தோம், ஒன்றுமில்லை என்கிறார்கள்.
– வாசகர், சேலம்

தம்பி, இன்றிரவே அம்மாவை மொட்டை மாடிக்கு அழைத்துச் சென்று ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லுங்கள். ஒற்றைக் கண்ணால் பார்க்கும்போதும் நிலா பல என்றால் கோளாறு அந்தக் கண்ணுக்குள்தான், அவர் வயதில் பெரும்பாலும் கண்புரை. லென்ஸ் ஒரே சீராக மங்குவதில்லை; திட்டுத் திட்டாக மங்குவதால் ஒளி சிதறிப் பிரிகிறது. அட்டையில் குண்டூசியால் ஒரு துளை போட்டு அதன் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள், நிலா பெரும்பாலும் ஒன்றாகிவிடும். அரசு மருத்துவமனையிலேயே இலவசமாக அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம். ஸ்கேனுக்கு முன் யாராவது அவரை ஒரு கண்ணை மூடச் சொல்லியிருக்கலாம்.

என் அண்ணன் மகன் 14 வயது. தரையில் படுத்திருந்தவன் விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்தான். பிறகு நாங்கள் இரண்டு இரண்டாகத் தெரிகிறோம் என்றான், இமை திறக்கவில்லை. கட்டுவிரியன் கடி என்று சொல்லி வைத்தியம் செய்து பிழைக்க வைத்தார்கள். உடம்பில் கடித்த தடமே இல்லை. நிஜமாகவே பாம்புதானா?
– வாசகர், பெரம்பலூர் அருகே ஒரு கிராமம்

நீங்கள் சொல்வது அத்தனையும் கட்டுவிரியனுக்கு அப்படியே பொருந்துகிறது. அதன் பல் சிறியது. வலி, வீக்கம், தடம் எதுவும் இல்லாமலே கடித்துவிடும். மேலே ஆசிரியைக்குச் சொன்ன அதே நரம்பு–தசை வாசலைத்தான் அதன் நஞ்சும் தாக்குகிறது. முதலில் இமையும் கண் தசைகளும் ஓய்கின்றன, பிறகு தொண்டை, கடைசியில் மூச்சு. உங்கள் வீட்டார் தடத்தைத் தேடிக்கொண்டோ மந்திரிக்கவோ நிற்காமல் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அந்த ஓட்டம்தான் அவனைக் காப்பாற்றியது. உங்கள் தெருவில் எல்லோரிடமும் சொல்லுங்கள்: தரையில் படுத்து எழுந்தவருக்கு இமை சரிந்து பார்வை இரண்டானால், பாம்பைப் பார்த்திருக்காவிட்டாலும் 108-ஐ அழைக்க வேண்டும். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. பையனைக் கட்டிலில் படுக்க வையுங்கள், கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகிவிடுங்கள்.