நாய், பூனை வாயில் விஷம் போனால்: சென்னைக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

மடிப்பாக்கத்திலிருந்து: பூனைக்கு உடம்பு சுடுகிறது. குழந்தைக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் சிரப் கால் ஸ்பூன் கொடுக்கலாமா?

ஒரு சொட்டுகூட வேண்டாம். அந்த மருந்தை முறிக்கிற சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகவும் குறைவு, ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரையே உயிரை எடுத்துவிடும். போன மழைக்காலத்தில் அப்படி ஒரு பூனையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்கள், உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ரோஸ் நிறத்தில் இருக்க வேண்டிய ஈறு டிகாஷன் மாதிரி பழுப்பாக இருந்தது, முகமும் முன்னங்கால் பாதங்களும் வீங்கிப்போயிருந்தன. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போவதால்தான் அந்த நிறம். அசிட்டைல்சிஸ்டைன் என்ற மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் சில மணி நேரத்துக்குள் கொண்டுவந்தால்தான் அது நன்றாக வேலை செய்யும்.

பெரம்பூரிலிருந்து: நேற்று எங்கள் நாய் எலி மருந்து கேக்கைத் தின்றுவிட்டது. இன்றைக்கு நன்றாகத்தான் ஓடியாடுகிறது. விட்டுவிடலாமா?

தயவுசெய்து விடாதீர்கள். கடையில் விற்கும் கேக்கில் பெரும்பாலும் ப்ரோமடையலோன்தான் இருக்கும், அது ரத்தம் உறைவதையே தடுப்பது, ஆனால் மூன்று நாள், சில சமயம் ஐந்து நாள் வரை வெளியில் ஒன்றும் தெரியாது. அப்புறம் திடீரென்று மூச்சு வாங்கும், ஈறு வெளுத்துப்போகும், அதற்குள் நெஞ்சுக்குள்ளேயே ரத்தம் கசிந்திருக்கும். இப்போதே போனால் வைட்டமின் கே1 போதும், சில வாரங்கள் விடாமல் கொடுக்க வேண்டும். உங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தானே, கிளம்புங்கள். அந்தக் கேக் அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள், எல்லா எலி மருந்துக்கும் கே1 கேட்காது.

கொளத்தூரிலிருந்து: உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கலாம் என்கிறாரே மாமியார்?

அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததுதான், ஆனால் உப்பு மூளைக்கு ஏறி வலிப்பு வரும். ஆசிட், மண்ணெண்ணெய் குடித்திருந்தால் வாந்தியே எடுக்க வைக்கக் கூடாது, ஆசிட் போகும்போது சுட்டது திரும்பி வரும்போதும் சுடும், மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். பால் ஊற்றினாலும் விஷம் முறியாது.

தி.நகரிலிருந்து: பினாயில் போட்டுத் துடைத்தால் பூனைக்கு ஆகுமா?

பூனை பாட்டிலைத் திறந்து குடிக்காது சார், ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும், அப்படித்தான் உள்ளே போகிறது. நாக்கில் புண், எச்சில் ஒழுகல், சாப்பாட்டைக் கண்டாலே விலகுவது, இவைதான் முதல் அறிகுறி. துடைத்தபின் நல்ல தண்ணீரில் இன்னொரு முறை துடையுங்கள், தரை காயும்வரை பூனை வேறு அறையில் இருக்கட்டும். பீரோவில் போடும் பாச்சை உருண்டையும் இதே கணக்குதான், உருட்டி விளையாடுகிற இடத்தில் வைக்காதீர்கள்.

ஆவடியிலிருந்து: நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்து மிச்சம் இருக்கிறது, பூனைக்குப் போடலாமா?

அட்டையில் பெர்மெத்ரின் என்று இருந்தால் கூடவே கூடாது, உடம்பு வெடவெடவென்று ஆடி வலிப்பு வந்துவிடும்.

போரூரிலிருந்து: மிச்ச சாம்பார் சாதத்தை நாய்க்குப் போடலாமா?

சாம்பாரில் வெங்காயம், பூண்டு, புளி மூன்றும் இருக்கின்றன. வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை உடைக்கும், புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் நாயின் சிறுநீரகத்தைப் பாதிக்கும், திராட்சையிலும் அதே அமிலம்தான். குழம்பு ஊற்றுவதற்கு முன்பே வெறும் சாதத்தைத் தனியாக எடுத்துவைத்து, உப்பில்லாமல் வேகவைத்த முட்டையோ கோழியோ பிசைந்து போடுங்கள்.