தொட்டியிலிருந்து விழுந்த குஞ்சு – கடிதம்

அன்புள்ள ஐயா,

தவிட்டுக்குருவிகளைப் பற்றி நீங்கள் எழுதியதை என் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கு ஒன்பது வயது. எங்கள் பால்கனியில் தொங்கும் மணிபிளாண்ட் தொட்டியில் இந்த ஏப்ரலில் ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டி மூன்று முட்டை வைத்தது. மூன்றும் பொரித்தன. ஒரு நாள் காலையில் ஒரு குஞ்சு தரையில் கிடந்தது. இறகு முளைத்திருந்தது, பறக்கத் தெரியவில்லை. மனுஷக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார். அட்டைப்பெட்டியில் பஞ்சு விரித்து உள்ளே வைத்துக்கொண்டோம். மகள்தான் சொட்டுச் சொட்டாகப் பால் கொடுத்தாள். மறுநாள் அது இறந்துவிட்டது.

அவள் மனதை மாற்றலாம் என்று, வெளியூர் போனபோது ஓர் உயிரியல் பூங்காவுக்கு அழைத்துப் போனோம். அங்கே புலி கம்பி ஓரமாக நடந்துகொண்டே இருந்தது. "அதுக்கு எங்கம்மா போகணும்?" என்று கேட்டவள் மறுபடி அழ ஆரம்பித்துவிட்டாள். இவ்வளவு இளகிய மனசாக இருக்கிறாளே என்று பயமாக இருக்கிறது. கொஞ்ச நாளைக்கு இதையெல்லாம் காட்டாமல் இருப்பதுதான் நல்லதோ?

ஆர்., குரோம்பேட்டை

அன்புள்ள ஆர்.,

முதலில் உங்கள் மகளிடம் சொல்லுங்கள், அவள் செய்ததையே நானும் செய்திருக்கிறேன்.

எனக்கு அப்போது பதினோரு வயது. எங்கள் கொல்லையில் தலை போன மொட்டைத் தென்னை ஒன்று நின்றது. அதன் பொந்தில் வருஷாவருஷம் மைனா குஞ்சு பொரிக்கும். அந்த வருஷம் ஒரு குஞ்சு கிணற்றடியில் கிடந்தது. தூக்கிக்கொண்டு போய்ப் பால்சோறு பிசைந்து ஊட்டினேன். இங்க் ஃபில்லரைக் கழுவி, அதில் தண்ணீர் எடுத்து வாயில் விட்டேன். குஞ்சின் மூக்குத் துளையில் குமிழ் குமிழாகத் தண்ணீர் வந்தது. தாகம் தீர்ந்து தும்முகிறது என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரியே போய்விட்டது. மருதாணிச் செடிக்குக் கீழே புதைத்தேன்.

மறுநாள் காலை பல் தேய்க்கப் போனால், கிணற்று ராட்டினத்தின் குறுக்குக் கட்டையில் ஒரு மைனா உட்கார்ந்திருந்தது. அலகில் ஒரு பச்சை வெட்டுக்கிளி. அதை விழுங்கவில்லை, கீழே போடவும் இல்லை. குஞ்சு கிடந்த இடத்தைப் பார்த்துக் கத்தியது, கட்டையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தது, மறுபடி அதே இடத்தைப் பார்த்தது. நான் பிரஷ்ஷோடு அப்படியே நின்றேன். தாய் சேர்க்காது என்று எனக்கும் சொல்லியிருந்தார்கள். சேர்க்க மாட்டாத தாய் எதற்காக வெட்டுக்கிளியோடு வந்து நிற்கிறது? யாரிடமும் கேட்கவில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அந்த வெட்டுக்கிளியின் கால் அசைந்துகொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்த நம்பிக்கை தவறு. பறவைகள் குஞ்சை வாசனை பிடித்துப் பார்த்து ஒதுக்குவதில்லை, கண்ணாலும் குரலாலும்தான் அறிகின்றன. நம் கை பட்டதால் ஒன்றும் கெட்டுவிடாது. இன்னொன்று, கொண்டைக்குருவிக் குஞ்சு நன்றாகப் பறக்கப் பழகும் முன்பே கூட்டை விட்டு வெளியே வந்துவிடும். வால் கட்டையாக, தத்தித் தத்தித் திரியும். நமக்கு அது விழுந்துவிட்டதாகத் தெரியும். தாயும் தகப்பனும் அது இருக்கிற இடத்துக்கே வந்து சில நாட்கள் புழுவும் பழமும் ஊட்டும். ஆகவே இறகு முளைத்த குஞ்சு என்றால் பூனைக்கு எட்டாத ஒரு கிளையிலோ பக்கத்துத் தொட்டியிலோ வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட வேண்டும். இறகு முளைக்காத குஞ்சானால் கூட்டிலேயே திருப்பி வைக்கலாம். பால் மட்டும் கூடவே கூடாது, அதைச் செரிக்கும் வயிறு பறவைக்கு இல்லை. தண்ணீரும் ஊற்றக்கூடாது. மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது, ஊற்றுவது நேரே நுரையீரலுக்குப் போகும். என் மைனாவுக்கு நடந்தது அதுதான்.

இதை மகளிடம் சொல்லலாமா என்று யோசிப்பீர்கள். சொல்லுங்கள். தெரியாமல் செய்தோம், இனித் தெரியும் என்பதைத் தாங்க ஒன்பது வயதுக்கு முடியும்.

அப்புறம் புலி. "அதுக்கு எங்க போகணும்?" என்பது மிகச் சரியான கேள்வி. காட்டில் ஓர் ஆண் புலிக்குப் பல பத்து சதுர கிலோமீட்டர் எல்லை இருக்கும். அதைச் சுற்றி வருவதும் ஆங்காங்கே தன் வாசனையை விட்டு வருவதும்தான் அதன் வேலை. அடைபட்ட இடத்தில் அந்த நடை மட்டும் மிஞ்சுகிறது. தீனி நேரம் நெருங்கும்போது கதவோரம் நடப்பதும் உண்டு, அது காத்திருப்பு. இரண்டையும் அவளுக்குச் சொல்லலாம். புலி வாக்கிங் போகுது கண்ணு என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். நான் சிறுவனாக இருந்தபோது ஒரு பூங்காவில், ஒரு கரடி ஒரே இடத்தில் நின்று தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருந்தது. முன்னங்கால் விழுந்து விழுந்து சிமெண்டில் இரண்டு இடங்கள் வழவழவென்று மின்னின. கரடி டான்ஸ் ஆடுது என்று எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். உங்கள் மகள் அழுதாள். அவள் என்னைவிட நன்றாகப் பார்த்திருக்கிறாள், ஆர்.

ஆனாலும் மிருகக்காட்சிசாலையே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கிராமத்திலிருந்து மதராஸ் வருகிறவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த மிருகக்காட்சிசாலையை 'உயிர்க் காலேஜ்' என்றும் சொல்வார்கள். அருங்காட்சியகப் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபர் 1855-ல் அருங்காட்சியக வளாகத்திலேயே தொடங்கியது அது, பிறகுதான் அங்கே போனது. ஒரு காணும் பொங்கலுக்கு மாமாவின் தோளில் உட்கார்ந்து அங்கே சிங்கத்தைக் கேட்டேன். ஆமாம், கேட்டேன். கூட்டத்தில் சரியாகப் பார்க்க முடியவில்லை. அது உறுமியபோது மாமாவின் தோளே அதிர்ந்ததுபோல் இருந்தது, என் நெஞ்சுக்குள் ஏதோ உருண்டது. படத்தில் பார்த்த சிங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அன்றிலிருந்துதான் மிருகங்கள் எனக்கு நிஜமாயின.

1985-ல் அந்த மிருகக்காட்சிசாலையை வண்டலூருக்கு மாற்றினார்கள், அறுநூறு ஹெக்டேருக்கு மேல் இடம். உங்களுக்குப் பக்கம்தான். மகளை அங்கே அழைத்துப் போங்கள், ஆனால் நேரே புலியிடம் போகாதீர்கள். உள்ளே ஓட்டேரி என்று ஓர் ஏரி இருக்கிறது. மழை நன்றாகப் பெய்து ஏரி நிறைந்த வருஷம், டிசம்பர், ஜனவரி வாக்கில், காலையிலேயே போனால் நல்லது. செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை. நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்கும், கொக்குகள் இருக்கும். அவற்றை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. இஷ்டப்பட்டு வருகின்றன, இஷ்டப்பட்டுப் போகின்றன. ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். அதற்குப் பிறகு அவளே கேட்டால் புலியைப் பார்க்கட்டும். கேட்காவிட்டால் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

இளகிய மனசு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதைக் கெட்டியாக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. கைக்கு ஒரு வேலை இருந்தால் அழுகை தன்னால் அடங்கும். பால்கனியில் ஆழமில்லாத மண்தட்டில் தண்ணீர் வைக்கும் பொறுப்பை அவளிடம் கொடுங்கள். பறவை நின்று குடிக்க நடுவில் ஒரு கல். தினமும் தேய்த்துக் கழுவி மாற்ற வேண்டும், இல்லையென்றால் கொசு முட்டையிடும்.

அந்தத் தொட்டியை எடுத்துவிடாதீர்கள். செடிக்குத் தண்ணீரை ஓரமாக விட்டால் போதும். மற்ற இரண்டு குஞ்சுகள் என்னவாயின என்று நீங்கள் எழுதவில்லை. பறந்துவிட்டன என்றே நினைக்கிறேன். கொண்டைக்குருவி ஒரே பருவத்தில் மறுபடியும் முட்டை வைக்கும், பிடித்துப்போன இடத்துக்குப் பக்கத்திலேயே மீண்டும் கட்டுவதும் உண்டு. அலகில் நாரோடு எதுவாவது கம்பியில் வந்து உட்கார்ந்தால் எனக்கு எழுதுங்கள். மகளையே எழுதச் சொன்னால் இன்னும் சந்தோஷம்.