நியூ லானார்க் என்ற மில் ஊர்: கேள்வி பதில்

ஸ்காட்லாந்தில் கிளைட் ஆற்றங்கரையில் 1785-ல் கட்டத் தொடங்கிய நூற்பாலை ஊர் நியூ லானார்க். அதைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

துறைமுகமும் சந்தையும் கிளாஸ்கோ பக்கம் இருக்க, 40 கி.மீ. தள்ளி ஒரு பள்ளத்தாக்கில் ஏன் மில்? (ஈரோடு)

தண்ணீருக்காகத்தான். இங்கிலாந்து நூற்பாலை முதலாளி ரிச்சர்ட் ஆர்க்ரைட்டின் நூற்பு இயந்திரங்களை ஓட்ட நீர்ச்சக்கரம் வேண்டும். அங்கே கிளைட் ஆறு அருவி அருவியாக இறங்குகிறது. கோரா லின் அருவி மட்டுமே சுமார் 26 மீட்டர். கிளாஸ்கோ வணிகர் டேவிட் டேல் 1784-ல் ஆர்க்ரைட்டை அழைத்துப்போய் இடத்தைக் காட்டினார். பாறையைக் குடைந்து வாய்க்கால் வெட்டி, ஆற்றுத் தண்ணீரை மில்களுக்குக் கொண்டுவந்தார்கள். 1786-ல் நூற்பு தொடங்கியது. முதல் மில் 1788-ல் எரிந்துபோனது. மறு ஆண்டே திரும்பக் கட்டிவிட்டார்கள்.

அந்தக் காட்டுக்கு ஆள் எங்கிருந்து வந்தார்கள்? (திருப்பூர்)

நல்ல கேள்வி. இந்த ஊரின் கதையே இதில்தான் இருக்கிறது. தண்ணீர் இருந்த இடத்தில் மனிதர்கள் இல்லை. அப்போது மில் வேலைக்கு யாரும் ஆசைப்பட்டு வரவும் இல்லை. அதனால் டேல் வீடு கட்டிக் கொடுத்து ஆள் சேர்க்க வேண்டியிருந்தது. 1791-ல் ஸ்காட்லாந்து மலைநாட்டுக் குடும்பங்களோடு அமெரிக்காவுக்குக் கிளம்பிய ஒரு கப்பல், புயலில் சிக்கிக் கிரீனாக் துறைமுகத்தில் ஒதுங்கியது. அவர்களுக்கு டேல் வேலை தருவதாகச் சொல்ல, ஒரு பகுதியினர் நியூ லானார்க்குக்கு வந்து தங்கிவிட்டார்கள். மலைநாட்டார் வந்த நினைவாக 'கெய்த்னஸ் ரோ' என்ற வீட்டு வரிசை இன்னும் நிற்கிறது.

மீதிக்கு? குழந்தைகள். எடின்பரோ, கிளாஸ்கோ அநாதை விடுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கில் கொண்டுவந்தார்கள். 1793-ல் மில்லில் இருந்த சுமார் 1,150 பேரில் பெரும்பான்மையினர் சிறுவர் சிறுமியர்.

அந்தக் குழந்தைகள் எப்படி இருந்தார்கள்? (மதுரை)

காலை 6 முதல் மாலை 7 வரை மில். நடுவில் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம். அப்புறம் 9 மணி வரை பள்ளிக்கூடம்! ஒரு கட்டிலுக்கு மூன்று பேர். அன்றைய மற்ற மில்களோடு பார்த்தால் சோறும் சுத்தமும் மேல் என்று பார்க்க வந்தவர்கள் எழுதினார்கள். இருக்கலாம். பதினோரு மணி நேரத்துக்கு மேல் நின்று வேலை செய்த பிள்ளைக்கு இரவுப் பள்ளியில் என்ன ஏறியிருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

பஞ்சு எங்கிருந்து வந்தது? (கரூர்)

பெரும்பாலும் மேற்கிந்தியத் தீவுகள், பிறகு அமெரிக்கா. இரண்டிலும் அடிமைகள் பறித்த பஞ்சு. இதே டேல்தான் 1791-ல் கிளாஸ்கோவில் அமைந்த அடிமை வணிக எதிர்ப்புச் சங்கத்துக்குத் தலைவர். மனிதர் நல்லவர்தான், ஆனால் கணக்குப் புத்தகத்தில் அந்த நல்லதனம் தெரியவில்லை.

ராபர்ட் ஓவன் சோஷலிஸ்ட் என்கிறார்கள். மில் முதலாளி எப்படி சோஷலிஸ்ட்? (யாழ்ப்பாணம்)

1800 ஜனவரியில் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டபோது அவர் டேலின் மருமகன், கறாரான மேலாளர். திருட்டையும் குடியையும் அடக்கத்தான் முதலில் இறங்கினார். ஒவ்வொரு தொழிலாளி பக்கத்திலும் நான்கு நிற மரக்கட்டை ஒன்று தொங்கும். நேற்றைய நடத்தை மோசமென்றால் கறுப்பு, சுமாரென்றால் நீலம், நன்றென்றால் மஞ்சள், மிக நன்றென்றால் வெள்ளை முன்னால் தெரியும். அடி இல்லை, வசவு இல்லை. எனக்கு இது அடியைவிடக் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. 1806-க்குப் பிறகு அமெரிக்கா பஞ்சு ஏற்றுமதியை நிறுத்தியபோது மில் நான்கு மாதம் ஓடவில்லை. ஓவன் முழுக் கூலி கொடுத்தார். தொழிலாளர்கள் அவரை நம்பத் தொடங்கியது அப்போதுதான். பத்து வயதுக்குக் கீழ் வேலைக்கு எடுப்பதை நிறுத்தினார். 1816-ல் திறந்த அவருடைய கல்விக்கூடத்தில் நடக்கப் பழகிய குழந்தை முதல் சேர்த்தார்கள். ஆட்டமும் பாட்டும் பாடத்திலேயே இருந்தன. தூரத்து ஊரில் ஆளைத் தக்கவைக்க வேண்டிய கட்டாயமும் அவருடைய கொள்கையும் ஒரே திசையில் இழுத்தன என்பது என் கணிப்பு.

மில் கடை வைத்து அவரும் கூலியைத் திரும்பப் பிடுங்கினாரா? (சேலம்)

மற்ற மில்களில் அந்தப் பழக்கம் இருந்தது. இங்கே நல்ல சரக்கை மொத்தமாக வாங்கி, குறைந்த விலைக்கு விற்றார்கள். லாபம் பள்ளிக்குப் போனது.

ஓவன் போனதும் மூடிவிட்டார்களா? (சிங்கப்பூர்)

இல்லையே. அவர் 1825-ல் விலகி, அமெரிக்காவின் இண்டியானாவில் நியூ ஹார்மனி என்ற சமூகக் குடியிருப்பைத் தொடங்கினார். அது சில ஆண்டுகளில் கலைந்தது. இங்கே மில் 1968 வரை ஓடியது. பிறகு இடிந்துகொண்டிருந்த ஊரை 1974-ல் அமைந்த அறக்கட்டளை மீட்டது. 2001-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. முதல் மில் இப்போது ஹோட்டல்.

நேரில் போக வழி? (லண்டன்)

கிளாஸ்கோ சென்ட்ரலில் லானார்க் ரயில் ஏறுங்கள். அங்கிருந்து பள்ளத்தாக்கில் இறங்க வேண்டும். திரும்பும்போது ஏற்றம், முழங்கால் வலி இருந்தால் பஸ் பார்த்துக்கொள்ளுங்கள். அருவி வரை நடக்க ஆற்றோரம் பாதை இருக்கிறது.