எந்த ஒயர் எதுக்குங்க? மானிட்டர், புரொஜக்டர் கேள்வி பதில்

மண்டபம், ஸ்கூலு, மில்லு ஆபீஸுன்னு புரொஜக்டரும் மானிட்டரும் மாட்டிக்குடுக்கறதுதானுங்க நம்ம பொழப்பு. கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன். ஒண்ணு மட்டும், கேக்கறப்ப லேப்டாப்ல என்ன போர்ட் (ஒயர் சொருகற ஓட்டை) இருக்குது, அக்கட்டால மானிட்டர்ல என்ன போர்ட் இருக்குதுன்னு ரெண்டையும் சொல்லிப்போடுங்க. பாதிப்பேரு ஒரு பக்கத்த மட்டும் சொல்லிட்டு என்ன கேபிள் வாங்கறதுன்னு கேக்கறீங்க, அப்பறம் நான் என்னத்த சொல்றது.

கோபியிலிருந்து ஒரு டீச்சர்: வணக்கமுங்க. எங்க ஸ்கூல் புரொஜக்டர் பழசு, விஜிஏ மட்டும்தான். புது லேப்டாப்ல ஹெச்டிஎம்ஐ மட்டும்தான். கடைல ஒரு கன்வெர்ட்டர் குடுத்தாங்க, ரெண்டு பக்கமும் சரியா மாட்டுது, ஆனா படமே வரல.

வணக்கமுங்க டீச்சர். அந்த டப்பா மேல என்ன எழுதியிருக்குதுன்னு பாருங்க. 'விஜிஏ டு ஹெச்டிஎம்ஐ'ன்னு இருந்தா அது உங்களுக்கு ஆகாது, உங்களுக்கு வேண்டியது 'ஹெச்டிஎம்ஐ டு விஜிஏ'. ஹெச்டிஎம்ஐல வர்றது டிஜிட்டல், விஜிஏ 1987ல வந்த அனலாக் சமாச்சாரம், நடுவுல ஒரு சிப்பு உக்காந்து மாத்திக்குடுக்கோணும், அந்த சிப்பு ஒரு பக்கந்தான் மாத்தும். கெணத்து மோட்டாருக்கு புட்வால்வு மாதிரின்னு வெச்சுக்குங்களேன். படம் வர்ற எடம் லேப்டாப், போற எடம் புரொஜக்டர், பேரும் அதே வரிசைல இருக்கோணும்.

மாத்தி வாங்கறப்ப பக்கத்துல ஹெட்போன் ஓட்டை இருக்கறதா பாத்து வாங்குங்க, விஜிஏல சத்தம் போகாது, அந்த ஓட்டைல இருந்து ஆக்ஸ் ஒயர் போட்டு ஸ்பீக்கருக்கு குடுத்துக்கலாம். பழைய ஸ்கூல் புரொஜக்டர்ல நிறைய 1024க்கு 768தான், லேப்டாப் செட்டிங்ஸ்லயும் அதையே வெச்சா எழுத்து பளிச்சுன்னு இருக்கும். ஓடிடி படம் போட்டா மட்டும் கருப்பா நிக்குதுன்னா கன்வெர்ட்டர் கெட்டுப்போச்சுன்னு நெனைக்காதீங்க, அது காப்பிய தடுக்கற பூட்டு, விஜிஏ பக்கம் பல ஆப்புங்க படத்த விடாது.

பொள்ளாச்சி: அண்ணா, என் போன்ல டைப் சி இருக்கு, டைப் சி டு ஹெச்டிஎம்ஐ ஒயர் வாங்குனா டிவில தெரியுமா?

போன் மாடல சொல்லு தம்பி, அதுக்கு முன்னாடி காசு போடாத. ஓட்டை ஒண்ணா இருந்தாலும் எல்லா டைப் சிலயும் படம் வராது, அதுக்கு டிஸ்ப்ளே போர்ட் ஆல்ட் மோடுன்னு படம் அனுப்பற வசதி ஒண்ணு இருக்கோணும். வெல கம்மி போன்ல முக்காவாசி அது இருக்காது. லேப்டாப்னா ஓட்டை பக்கத்துல மின்னல் குறி (தண்டர்போல்ட்) இல்லீன்னா டிபி (டிஸ்ப்ளே போர்ட்) குறி இருந்தா தைரியமா வாங்கலாம். போன் கூட வந்த சார்ஜர் ஒயர மானிட்டருக்கு போட்டுப்பாத்து வரலீங்கறாங்க பாரு, அது பெரும்பாலும் சார்ஜும் பைலும் மட்டும் போற ஒயரு, அதுல படம் எங்க வரும்.

திருப்பூர், பனியன் கம்பெனில பேட்டர்ன் போடறவர்: ஏனுங்ணா, சிபியுல ஒரு ஹெச்டிஎம்ஐ, ஒரு டிஸ்ப்ளே போர்ட். ரெண்டு மானிட்டர்லயும் ஹெச்டிஎம்ஐதான். ஸ்ப்ளிட்டர் வாங்கிடலாமுங்களா?

வேண்டாமுங்க. ஸ்ப்ளிட்டர் போட்டா ரெண்டுலயும் ஒரே படம் வரும், ஒண்ணுல பேட்டர்னு, இன்னொண்ணுல மெஷர்மெண்ட் ஷீட்டுன்னு பிரிச்சு பாக்க முடியாது. ஒண்ணுக்கு ஹெச்டிஎம்ஐ கேபிள், இன்னொண்ணுக்கு 'டிஸ்ப்ளே போர்ட் டு ஹெச்டிஎம்ஐ' கேபிள், முடிஞ்சுது. கம்ப்யூட்டர்ல இருக்கற டிஸ்ப்ளே போர்ட் பெரும்பாலும் ஹெச்டிஎம்ஐயாவும் பேசத்தெரிஞ்சது, அதனால இதுக்கு வெல கம்மி ஒயரே போதும். திருப்பிப்போட்டா ஆகாதுங்க, ஹெச்டிஎம்ஐல இருந்து டிஸ்ப்ளே போர்ட் மானிட்டருக்கு போகோணும்னா யுஎஸ்பி கரண்டு வாங்கற தனி கன்வெர்ட்டர் வேணும். தனியா கிராபிக்ஸ் கார்டு இருந்தா ஒயர கார்டுலயே சொருகுங்க, மேல மதர்போர்டு ஓட்டைல சொருகிட்டு வரலீங்கறவங்கள வாரத்துக்கு ஒருத்தரயாவது பாக்கறேன்.

ஈரோட்டுப் பக்கம் மண்டபம் வெச்சிருக்கறவர்: மேடைல இருந்து புரொஜக்டருக்கு 25 மீட்டர் வருதுங்க. சாதா ஹெச்டிஎம்ஐ போட்டோம், படம் விட்டு விட்டு வருது. ஒரு தடவை லேப்டாப் ஹெச்டிஎம்ஐ ஓட்டையே பொகஞ்சு போச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சத்தம் போட்டுட்டாங்க.

இது ரெண்டு வெவ்வேற வியாதிங்க அண்ணா, தனித்தனியா பாப்போம்.

விட்டு விட்டு வர்றதுக்கு காரணம் நீளம். செம்பு ஹெச்டிஎம்ஐல 4கே 60 ஹெர்ட்ஸ்னா (செகண்டுக்கு 60 தடவை படம் மாறறது) அஞ்சு மீட்டருக்கு மேல போனாவே சந்தேகந்தான், புல் ஹெச்டி நல்ல கேபிள்ல பத்து பதினஞ்சு வரைக்கும் தாக்குப்பிடிக்கும். 25க்கு ரெண்டு வழி. ஒண்ணு, உள்ள கண்ணாடி இழை ஓடற ஆப்டிகல் ஹெச்டிஎம்ஐ. இழுக்கறதுக்கு முன்னாடி தலைய பாருங்க, ஒரு தலைல சோர்ஸ், இன்னொண்ணுல டிஸ்ப்ளேன்னு அச்சடிச்சிருக்கும், சோர்ஸ் மேடைக்கு, டிஸ்ப்ளே புரொஜக்டருக்கு, மாத்தி இழுத்துட்டா மறுபடியும் உருவோணும். அத சுருட்டி மடக்கி ஆணி அடிக்கற வேலையெல்லாம் வேண்டாம், இழை ஒடைஞ்சா ஒட்டவெக்க ஆவாது. இன்னொண்ணு, கேட் 6 ஒயர் (நெட்வொர்க் கேபிள்) ஓட்டி ரெண்டு முனைலயும் படத்த தூரத்துக்கு அனுப்பற எக்ஸ்டெண்டர் பெட்டி வெக்கறது, ஹெச்டிபேஸ்டி பெட்டின்னா புல் ஹெச்டி 100 மீட்டர் வரைக்கும் போகும். ஒயர் மட்டும் முழுச்செம்பா வாங்குங்க, அலுமினியத்து மேல செம்பு பூசுனது வெல கம்மியா வரும், அது வேண்டாம். மண்டபத்துக்கு நான் கேட் 6தான் போடுவேன். ஆளு கால்ல மிதிச்சு அத்துப்போனாலும் புதுசா ஒரு முனை அடிச்சு அன்னிக்கே ஓட்டிக்கலாம். எத போட்டாலும் பைப்ப பெருசா போடச்சொல்லுங்க, முக்கா இஞ்சு பைப்புக்குள்ள ஹெச்டிஎம்ஐ தலை போகாது, எலக்ட்ரீசியன் தலைய வெட்டிரலாமுங்களான்னு கேப்பாரு.

பொகஞ்சது எர்த்திங் கோளாறா இருக்கோணும். மேடைல ஒரு கரண்டு பேஸு, புரொஜக்டருக்கு வேற பேஸு, நடுவுல ஜெனரேட்டர், எர்த்து சரியில்லீன்னா ரெண்டு மெஷின் பாடிக்கும் நடுவுல வோல்ட்டு நிக்கும், ஒயர சொருகற நேரத்துல அது ஹெச்டிஎம்ஐ வழியாத்தான் பாயும், சிப்பு போயிரும். மொதல்ல எர்த்த பாக்கச்சொல்லுங்க, கேபிளெல்லாம் அப்பறம். ரெண்டுக்கும் ஒரே லைன்ல இருந்து கரண்டு குடுங்க. ரெண்டையும் ஆப் பண்ணிட்டு ஹெச்டிஎம்ஐய சொருகி, பொறவு சுவிட்ச போடுங்க. எல்லாத்தையும் மொத நாள் ரிசப்ஷனுக்கு முன்னாடியே ஓட்டிப்பாத்துருங்க, முகூர்த்தத்தன்னிக்கு காலைல ஏணி வெக்க எடமே இருக்காது.

கோயமுத்தூர்: ப்ரோ, 1440பி 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், ஆனா 60தான் காட்டுது.

விண்டோஸ்ல டிஸ்ப்ளே செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு உள்ள போய் ஹெர்ட்ஸ மாத்துனியா? அங்க 144 இருந்தும் நீ மாத்தலீன்னா அவ்வளவுதான் விஷயம். இல்லவே இல்லீன்னா ஹெச்டிஎம்ஐ பழைய 1.4 வெர்ஷனா இருக்கும், 2.0க்கு 144 வரும், மானிட்டர் ஓட்டையும் அதுக்கு ஒத்துக்கோணும். கார்டுல இருந்து டிஸ்ப்ளே போர்ட் கேபிள் போட்டுடு, இந்த ரோதனையே இல்ல.

அவினாசி: 4கே மானிட்டர் வாங்குனேன், டைப் சி ஹப் (ஒரு ஓட்டைய பல ஓட்டையாக்கற டப்பா) வழியா போட்டா மவுஸு இழுத்து இழுத்து போகுது.

ஹப் டப்பால '4கே 30 ஹெர்ட்ஸ்'னு பொடி எழுத்துல போட்டிருக்கும் பாருங்க. 60 போட்டது வாங்கோணும்.

கரூர்: தங்க முலாம் பூசுன கேபிள் நாலாயிரம் சொல்றாங்க, படம் நல்லா வருமுங்களா?

ரெண்டு மீட்டருக்கா? டிஜிட்டல்ல ஒண்ணு படம் வரும், இல்லீன்னா புள்ளியடிக்கும், கட்டாகும், தங்கத்தால கலர் கூடாது. டப்பாமேல '8கே'ன்னு பெருசா போட்டிருக்கறதயும் நம்பாதீங்க. 4கே 60க்கு பிரீமியம் ஹைஸ்பீடு, அதுக்கு மேலன்னா அல்ட்ரா ஹைஸ்பீடுன்னு ஸ்கேன் பண்ற லேபிள் ஒட்டியிருக்கும், அத போன்ல ஸ்கேன் பண்ணிப்பாத்து வாங்குங்க. மிச்ச காசுக்கு ஒரு ஸ்டெபிலைசர் வாங்கலாம்.

நாமக்கல்: எம்1 மேக்புக் ஏர்ல ஹப் போட்டு ரெண்டு மானிட்டர் மாட்டுனா ரெண்டுலயும் ஒரே படம்.

ஹப் மேல தப்பில்லீங்க. அந்த எம்1 சிப்பே வெளிய ஒரு மானிட்டர்தான் ஓட்டும். ரெண்டு வேணும்னா டிஸ்ப்ளேலிங்க்னு போட்ட டாக் (ஹப் மாதிரி பெட்டி) வாங்கி அவங்க சாப்ட்வேரயும் போடோணும்.

பெருந்துறை, காலேஜ் படிக்கற பொண்ணு: அண்ணா, எங்க லேப்ல புரொஜக்டர்ல எல்லாமே ரோஸ் கலரா தெரியுது. லேம்ப் போயிருச்சுன்னு சொல்றாங்க, நெசமா?

விஜிஏ ஒயர்தான அம்மிணி? அப்ப லேம்ப்புக்கு செலவு பண்றதுக்கு முன்னாடி ஒயர கழட்டி ஊசிய பாரு. மேல் வரிசைல மொத மூணு ஊசிதான் செவப்பு, பச்சை, நீலம், எது தொடலியோ அந்தக் கலரு இருக்காது. பச்சை போனா ரோஸு, நீலம் போனா மஞ்சள், செவப்பு போனா ஒரு மாதிரி நீலப்பச்சை. வளைஞ்சிருந்தா ரீபில் எடுத்த பால்பாயிண்ட் பேனா முனை ஓட்டைய ஊசி மேல மாட்டி மெதுவா நிமித்தலாம், கரண்ட ஆப் பண்ணிட்டு செய்யி. நடு வரிசைல ஒரு ஊசி இல்லாமயே இருந்தா பயந்துக்காத, ஒம்பதாவது ஊசி நிறைய கேபிள்ல கம்பெனில இருந்தே வராது.