டீச்சரைக் கேளுங்க: மூணு ஸ்கூலுக்கு ஒரே பெல்லு

(போன இதழ்ல மழை லீவு பத்தின ஒரு கேள்விக்கு பதில் சொல்றப்ப, அமெரிக்காவோட நியூ ஆர்லியன்ஸ்ல கத்ரீனா புயலுக்கு அப்புறம் மூணு கத்தோலிக்க ஸ்கூல் ஒண்ணா சேர்ந்து ஒரே கட்டடத்துல திறந்த கதையை ரெண்டே வரில சொல்லிட்டுப் போயிட்டேன். அதுக்கு வந்த லெட்டரும் வாட்ஸப்பும் இருக்கே, அப்பப்பா. இந்த வாரம் முழுக்க அதுதான், சமையல் டவுட்டெல்லாம் அடுத்த வாரம்.)

டீச்சர், மூணு ஸ்கூலை எப்படி ஒண்ணாக்க முடியும்? எங்க தெருவுல ரெண்டு ஸ்கூலு இருக்கு, ஸ்போர்ட்ஸ் டே வந்தாலே சட்டை கிழியும். கொஞ்சம் விவரமா சொல்லுங்க.
*ஒரு வாசகி, திண்டுக்கல்*

அங்கயும் சட்டை கிழியுற கேஸ்தான்மா. மூணுமே கறுப்பின பிள்ளைங்க படிக்கிற கத்தோலிக்க ஸ்கூலு, மூணுக்கும் தனித்தனி பெருமை. செயின்ட் மேரிஸ் அகாடமி, 1867ல ஹோலி ஃபேமிலி சிஸ்டர்ஸ் ஆரம்பிச்ச பெண்கள் ஸ்கூல். அந்த சபையை உருவாக்குனது ஹென்ரியட் டெலீல்னு ஒரு கறுப்பினப் பெண், அதுவும் 1842ல, அடிமை முறை சட்டப்படியே நடந்துட்டு இருந்த காலத்துல. அடுத்து செயின்ட் அகஸ்டின், 1951ல வந்த பாய்ஸ் ஸ்கூல், அதோட பேண்டு குழு ஊருக்கே பிரசித்தம். மூணாவது ஸேவியர் பிரெப், கேதரின் ட்ரெக்ஸல் 1915ல தொடங்குனது, அவங்க 2000த்துல புனிதராவே ஆயிட்டாங்க.

2005 ஆகஸ்ட் 29, திங்கக்கிழமை, புயல் கரையேறுது. அங்க ஆகஸ்ட் நடுவுலயே ஸ்கூல் திறந்துடுவாங்க, அதனால பிள்ளைங்க ரெண்டு வாரம்தான் போயிருக்கும், புது நோட்டுக்கு அட்டை போட்ட வாசனை கூட போயிருக்காது. ஊர்ல எம்பது சதவீதம் தண்ணிக்குள்ள. செயின்ட் மேரிஸும் அவுட், செயின்ட் அகஸ்டினும் அவுட். ஸேவியர் பிரெப் மட்டும் மிசிசிப்பி ஆத்துக்குக் கிட்ட மேகஸின் தெருவுல இருந்துச்சு. ஆத்துக்குப் பக்கத்துல இருந்தா முதல்ல மூழ்கணும்ல? அங்க தலைகீழ். காலங்காலமா ஆறு வண்டல் கொட்டி கொட்டி அந்த ஓரத்தை மேடாக்கி வச்சிருக்கு, ஆத்தை விட்டுத் தள்ளிப் போகப் போகத்தான் பள்ளம். பழைய ஊரை கட்டுனவங்களுக்கு அது தெரிஞ்சிருக்கு, அதனால மேட்டுல கட்டுனாங்க, பின்னாடி வந்தவங்க பம்பு இருக்கு சுவர் இருக்குன்னு நம்பி பள்ளத்துல குடியேறிட்டாங்க.

அப்புறம் 2006 ஜனவரில அந்த ஸேவியர் பிரெப் கட்டடத்துல மூணும் சேர்ந்து திறந்தாங்க. பேரு 'மேக்ஸ்'. மேரில இருந்து எம், அகஸ்டின்ல இருந்து ஏ, ஸேவியர்ல இருந்து எக்ஸ். இத்தனை வருஷமா பசங்க தனி பொண்ணுங்க தனின்னு கட்டிக் காத்த சிஸ்டர்ங்களும் ஃபாதருங்களும் ஒரே வராந்தால எல்லாரையும் விட்டாங்கன்னா பாத்துக்கோங்க, வேற வழியே இல்லை. வருஷக்கணக்கா படிச்சவனுக்கு கடைசி அரை வருஷத்துலயாவது சொந்த டீச்சர் முகம் தெரியணும், பன்னெண்டாவது முடிக்கிறப்ப சொந்த ஸ்கூல் பேருல சர்டிஃபிகேட் வாங்கணும், அதுக்குத்தான் இந்தப் பாடு.

நூத்துக்கணக்குல செத்துப் போன ஊர்ல ஸ்கூல் திறப்பு விழா, பேண்டு, கேக்குன்னு கொண்டாடுனது சரியா? எனக்கு மனசு ஒப்பலை.
*ஒரு வாசகர், கடலூர்*

நூத்துக்கணக்குல இல்லைங்க, அந்தப் புயல்ல மொத்தமா ஆயிரத்துக்கும் மேல. உங்க கேள்வியை அந்த ஊர்க்காரங்களே அப்ப கேட்டாங்க. 2006 பிப்ரவரி 28, மார்டி க்ரா திருவிழா, அதாவது சாம்பல் புதனுக்கு முந்தின நாள், ஈஸ்டருக்கு முந்தின நோன்பான தவக்காலம் தொடங்குறதுக்கு முன்ன ஆடிப்பாடி முடிச்சிக்கிற நாள். இந்த வருஷம் வேணுமா வேண்டாமான்னு பெரிய சண்டை. சொந்தக்காரங்க இன்னும் ஹூஸ்டன்லயும் அட்லாண்டாலயும் அகதியா கெடக்குறப்ப இங்க என்ன ஆட்டம்னு ஒரு கூட்டம், இதையும் விட்டா இந்த ஊர்ல என்ன மிச்சம்னு இன்னொரு கூட்டம். கடைசில சின்னதா நடத்துனாங்க.

அதுல மேக்ஸ் ஸ்கூலு பேண்டு போச்சு. இது ஏன் பெரிய விஷயம்னா, செயின்ட் அகஸ்டின் பேண்டுக்கு 'மார்ச்சிங் ஹண்ட்ரட்'னு பேரு. 1967ல ரெக்ஸ்ங்கிற வெள்ளைக்காரங்க ஊர்வலத்துல முதல்முதலா போன கறுப்பின ஸ்கூல் பேண்டு அதுதான், அன்னிக்கு ரோட்டோரத்துல இருந்து அந்தப் பசங்க மேல கண்டதையும் எறிஞ்சாங்க, அவங்க வரிசை கலையாம வாசிச்சுட்டே போனாங்க. அப்படிப்பட்ட பேண்டுல, காலங்காலமா பசங்க மட்டுமே நடந்த வரிசைல, 2006ல மத்த ரெண்டு ஸ்கூல் பொண்ணுங்களும் சேர்ந்து நடந்தாங்க. நிறைய ஸ்கூல் பேண்டு அந்த வருஷம் வரவே இல்லை, வாசிக்கறவன் வேற ஊர்ல, வாத்தியம் தண்ணிக்குள்ள. அதுக்கு நடுவுல தூரத்துல ட்ரம் சத்தம் கேட்டா ரோட்டோரம் நிக்கிறவனுக்கு எப்படி இருக்கும்?

என் சொந்தக் கதை ஒண்ணு சொல்றேன். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் சென்னைல நான் வேலை பாத்த கான்வென்ட் திறந்த அன்னிக்கு என் கைல இருந்த அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் வெயில்ல காய வச்சு அப்பளம் மாதிரி ஆயிருந்துச்சு, பக்கம் பக்கமா ஒட்டிக்கிட்டு ஸ்கேல் விட்டுப் பிரிச்சுத்தான் பேரு கூப்பிட்டேன். ஒரு பொண்ணு யூனிஃபார்ம் போயிருச்சுன்னு அவங்கம்மா சுடிதாரை மடிச்சு ஊசி குத்தி போட்டுட்டு வந்திருந்தா. அவ பேரை கூப்பிட்டதும் "யெஸ் மிஸ்"னு சொன்னா பாருங்க, மொத்த கிளாஸும் கை தட்டிருச்சு. யாரும் சொல்லிக் குடுக்கலை. அது கொண்டாட்டமா துக்கமான்னு கேட்டா இன்னிக்கும் எனக்கு சொல்லத் தெரியாது, ஆனா தப்புன்னு எவனாவது சொன்னா சண்டைக்குப் போவேன்.

அமெரிக்காகாரன் நிலாவுக்கே போறான், ஒரு ஸ்கூலை கழுவித் துடைக்க நாலு மாசமா?
*ஒரு வாசகர், சாத்தூர்*

கழுவித் துடைச்சா போற அழுக்கு இல்லை தம்பி. தண்ணி ஏறுனது ரெண்டு மூணு நாள்ல, வடியறதுக்கு வாரக்கணக்கு. செப்டம்பர் 24ம் தேதி ரீட்டான்னு இன்னொரு புயல் வந்து, காஞ்ச இடத்துல திரும்ப தண்ணி. முழுசா இறைச்சு முடிச்சது அக்டோபர்ல. அந்த ஊர் புழுக்கம் நம்ம ஊர் புழுக்கம் மாதிரி, கரண்ட் இல்லை, ஜன்னல் மூடியே கெடக்கு, சுவர் எல்லாம் ஜிப்சம் போர்டு, அதுக்கு மேல பேப்பர் ஒட்டியிருக்கும். பூசணத்துக்கு இதைவிட விருந்து வேணுமா? தண்ணி இடுப்பளவு நின்னிருந்தாலும் பூசணம் சீலிங் வரைக்கும் ஏறிடும். போர்டை எல்லாம் உரிச்சு, மரச்சட்டம் மட்டும் எலும்புக்கூடா நிக்க விட்டு, அதைக் காய வச்சு, மருந்தடிச்சு, அப்புறம்தான் புதுசா போடணும். ஃப்ரிட்ஜைத் திறக்கவே மாட்டாங்க, டேப் போட்டு சுத்தி அப்படியே ரோட்டோரம் வச்சிருவாங்க. வீட்டு வாசல்ல மீட்புக்காரங்க ஸ்ப்ரே பெயிண்ட்ல ஒரு எக்ஸ் போட்டிருப்பாங்க, ஒரு மூலைல தேடுன தேதி, இன்னொரு மூலைல எந்த டீம்னு, கீழ்மூலைல உள்ள எத்தனை பேர் கெடைச்சாங்கன்னு ஒரு நம்பர். அந்தத் தெரு வழியாத்தான் பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போச்சு.

அப்புறம் இன்னொண்ணு, 'இயற்கைப் பேரிடர்'னு நானே போன தடவை எழுதிட்டேன், வாபஸ். பதினேழாவது தெரு கால்வாய், லண்டன் அவென்யூ கால்வாய், இதோட தடுப்புச்சுவர்ல டிசைனே கோளாறு, தண்ணி சுவருக்கு மேல வழியறதுக்கு முன்னாடியே சுவர் சரிஞ்சிருச்சு. கட்டுன ராணுவ இஞ்சினியருங்களே 2006ல ஒத்துக்கிட்டாங்க.

சர்க்கார் ஸ்கூல் திறக்கறதுக்கு முன்னாடியே கான்வென்ட் எப்படி திறந்துச்சு? பணம் இருக்கறவன் பிள்ளை முதல்ல படிக்கட்டும்னு தானே?
*ஒரு வாசகர், மதுரை*

பாதி சரி. உயர்மறைமாவட்டத்துக்கு, அதாவது அங்கத்த கத்தோலிக்க திருச்சபை நிர்வாகத்துக்கு, நூறுக்கு மேல ஸ்கூல் இருந்துச்சு, மேட்டுல இருந்ததை எல்லாம் அக்டோபர்லயே திறக்க ஆரம்பிச்சாங்க. சேசு சபை ஃபாதருங்க நடத்துற ஜெசூட் ஸ்கூல் தண்ணில மூழ்கியும் நவம்பர் 28ம் தேதி திறந்துச்சு. அதே நாள்தான் ஊர்ல முதல் சர்க்கார் ஸ்கூலும் திறந்துச்சு. அதுவரைக்கும் ஜெசூட் பசங்க நானூறு பேர் போல, ஹூஸ்டன்ல இன்னொரு சேசு சபை ஸ்கூல்ல, அந்த ஊர் பசங்க வீட்டுக்குப் போனப்புறம் சாயங்காலம் ஷிஃப்ட்ல படிச்சாங்க. இந்த நெட்வொர்க் இருக்கே, ஒரு சபைன்னா ஊருக்கு ஊரு கிளை, ஒரு ஃபோன் போதும், அதுதான் பெரிய பலம். கூட்டம் போட்டு ஓட்டெடுத்து டெண்டர் விட வேண்டியதில்லை.

சர்க்கார் பக்கம் என்ன நடந்துச்சுன்னா, மாநிலமே நூறுக்கு மேல ஸ்கூலை நகர போர்டு கைல இருந்து எடுத்துக்கிச்சு, டீச்சர் ஆயான்னு ஏழாயிரத்துக்கு மேல ஆளுங்களை வேலையை விட்டுத் தூக்குனாங்க. வீடும் போய் வேலையும் போய். டீச்சரா இருந்தவ நான், அதைப் படிச்சப்ப எனக்கு வயிறு எரிஞ்சது. இதுல கான்வென்ட்காரங்க மேல தப்பு சொல்ல மாட்டேன், அவங்க திறந்ததாலதான் எத்தனையோ குடும்பம் ஊருக்குத் திரும்புச்சு, பிள்ளைக்கு ஸ்கூல் இல்லாத ஊருக்கு எந்த அம்மா மூட்டை கட்டுவா. ஆனா திரும்பி வர வழி இல்லாதவங்க பிள்ளைக்கு யாருமே பெல் அடிக்கலைங்கறதும் உண்மை. இடம்பெயர்ந்த பிள்ளைக்கு ஒரு வருஷத்துக்கு ஆறாயிரம் டாலர் வரைக்கும் மத்திய அரசு குடுத்துச்சு, தனியார் ஸ்கூலா இருந்தாலும். அது வந்திருக்காட்டி மேக்ஸ் மாதிரி இடங்கள் ரொம்பத் திணறியிருக்கும்.

ஸ்கூல் கட்டறதுக்காக கோயிலையே இடிச்சாங்கன்னு என் மருமகன் சொல்றார், நெஜமா?
*ஒரு வாசகி, நாகர்கோவில்*

நெஜம். ஹோலி க்ராஸ்னு பாய்ஸ் ஸ்கூல், லோயர் நைன்த் வார்டுங்கற ஏரியால பத்தொன்பதாம் நூற்றாண்டுல இருந்து இருந்துச்சு. வெள்ளத்துக்கு அப்புறம் அங்கயே ட்ரெய்லர் போட்டு நடத்திப் பாத்துட்டு, ஜென்டில்லிங்கற ஏரியாவுக்கு மாறுனாங்க. அங்க புனித கப்ரீனி பேருல 1963ல கட்டுன கோயிலு, அதான் சர்ச்சு, வெள்ளத்துல அடிபட்டு நின்னுச்சு, அதை 2007ல இடிச்சுத்தான் இடம் எடுத்தாங்க. கட்டடக்கலை ஆளுங்க எவ்வளவோ போராடுனாங்க. எங்க கல்யாணம் நடந்த கோயில், எங்க பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்த கோயில்னு அந்தக் கோயிலைச் சேர்ந்த பங்கு மக்கள் ஒரு பக்கம், பிள்ளைங்க வந்தாத்தான் இந்த ஏரியா பொழைக்கும்னு அதே பங்கு மக்கள் இன்னொரு பக்கம். நான் எந்தப் பக்கம்னு கேக்காதீங்க, ராத்திரி ஒண்ணு தோணுது காலைல ஒண்ணு தோணுது. வேடிக்கை என்னன்னா, விட்டுட்டு வந்த பழைய ஏரியாவுக்கு இன்னிக்கும் பேரு ஹோலி க்ராஸ்தான், ஸ்கூல்தான் அங்க இல்லை.

நம்ம சுனாமி நடந்த எட்டாவது மாசம் இது. நாம ஏதாவது உதவுனோமா?
*ஒரு வாசகர், நாகப்பட்டினம்*

உதவுனோம். இந்தியா அம்பது லட்சம் டாலர் அமெரிக்க செஞ்சிலுவைக்குக் குடுத்துச்சு, விமானத்துல கம்பளி, தார்ப்பாயும் போச்சு. இலங்கை கூட, தன் கடற்கரையே காயாம கெடக்கறப்ப, இருவத்தஞ்சாயிரம் டாலர் தர்றோம்னுச்சு. எனக்கு அந்த இருவத்தஞ்சாயிரம்தான் பெருசாத் தெரியுது.

இப்ப மேக்ஸ் எங்க இருக்கு?
*ஒரு வாசகி, பெங்களூரு*

இல்லை. அது அந்த அரை வருஷத்துக்குத்தான். அடுத்த கல்வியாண்டுல செயின்ட் அகஸ்டின் தன் கட்டடத்துக்குப் போயிருச்சு, செயின்ட் மேரிஸ் புதுக் கட்டடம் பாக்க வருஷக்கணக்கா ஆச்சு. இதுல மத்தவங்களுக்கு எடம் குடுத்த ஸேவியர் பிரெப் கதைதான் பாவம், புயல்ல தப்பிச்சது 2013ல பணக்கஷ்டத்துல மூடிருச்சு. பழைய மாணவிகள் விடலை, அதே வருஷம் அதே மேகஸின் தெரு கட்டடத்துல கேதரின் ட்ரெக்ஸல் பேருலயே திரும்பத் திறக்க வச்சாங்க. அதுக்கும் ஒரு பேண்டு போயிருக்கணும்.

டீச்சர், கேக்குன்னு ஒருத்தர் கேட்டிருக்காரே, அது என்ன கேக்கு?
*என் பேத்தி, சமையக்கட்டுல இருந்து*

கிங் கேக்குடி. ஜனவரி 6, மூணு ராஜாக்கள் திருநாள்ல ஆரம்பிச்சு சாம்பல் புதன் வரைக்கும் அந்த ஊர்ல எங்க பாத்தாலும் அதுதான். வட்டமா, இனிப்பு பன்னு மாதிரி, மேல ஊதா, பச்சை, மஞ்சள்ல சர்க்கரை தூவி. மேக்ஸ் திறந்ததும் அந்த சீசன்லதான். உள்ள சின்னதா ஒரு பிளாஸ்டிக் குழந்தை பொம்மை இருக்கும், பாத்துக் கடிக்கணும். கிளாஸ்ல, ஆபீஸ்ல எல்லாம் வெள்ளிக்கிழமை வெட்டுவாங்க, யார் துண்டுல பொம்மை வருதோ அவங்கதான் அடுத்த வெள்ளிக்கிழமை கேக்கு வாங்கிட்டு வரணும். லீவு போட்டு எஸ்கேப் ஆக முடியாது.