நாய் கதவைப் பிறாண்டுவது ஏன்? கதவை எப்படிக் காப்பாற்றுவது?

ஆள் இல்லாத நேரத்தில் நாய் கதவைப் பிறாண்டிப் பாழாக்குகிறதே, என்ன செய்வது என்பது நாய் வளர்க்கும் பலரின் கேள்வி.

வீட்டார் கிளம்பியதும் நாய்க்கு வரும் தவிப்பைப் பிரிவுப் பதற்றம் என்பார்கள். பால்வாடியில் விட்டுவிட்டு அம்மா நகர்ந்ததும் குழந்தை கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுமே, கிட்டத்தட்ட அதேதான். குழந்தை கையால் தட்டும், நாய் நகத்தால் பிறாண்டும். நீங்கள் கண்ணிலிருந்து மறைந்த இடம் கதவு என்பதால்தான் சோபாவை விட்டுவிட்டு அங்கே போகிறது. (தீபாவளி வெடிச் சத்தத்துக்கும் பிறாண்டும், அது வேறு பயம்.)

சரி, கதவுக்கு வருவோம். 2 அல்லது 3 மி.மீ. கனமுள்ள அக்ரிலிக் ஷீட்டை, நாய் பின்னங்காலில் நின்றால் எட்டும் உயரத்துக்கு வெட்டி, ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிடுங்கள். டேப்பால் ஒட்டினால் ஓரத்தைப் பிய்த்து விழுங்கிவிடக்கூடும். நிலைச்சட்டத்தையும் மறைக்க வேண்டும். பலர் அதை மறந்துவிட்டு மறுபடி ஆசாரியைக் கூப்பிடுகிறார்கள். டைல்ஸ் தரையில் நடக்கும்போது டக் டக்கென்று கேட்டால் நகம் வெட்டும் நேரம் வந்துவிட்டது.

ஆனால் ஷீட் கதவைத்தான் காக்கும். தவிப்பு குறைய, 1 நிமிடம், 5 நிமிடம் என்று வெளியே போய்த் திரும்பிப் பழக்குங்கள். நகம் பிய்ந்து ரத்தம் வருமளவுக்குப் போனால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அப்புறம், ‘தனியாக விட்டதற்குப் பழிவாங்குகிறது’ என்று நினைத்து வந்ததும் அடிப்பவர்கள் உண்டு. காலையில் போட்ட கீறலுக்குத்தான் மாலையில் அடி என்று நாய்க்குப் புரியாது, உங்கள் வருகையே அதற்குப் பயமாகிவிடும்.