செகோன் ஏன் வெளியே குதிக்க முடியவில்லை?

கேள்வி: விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர் ஃபிளையிங் ஆபீசர் நிர்மல் ஜித் சிங் செகோன். விமானத்தில் வெளியேற்றும் இருக்கை இருந்தும் அவர் ஏன் தப்பவில்லை?

பதில்: போதிய உயரம் இல்லை. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் விமானத் தளத்தைத் தாக்க வந்த பாகிஸ்தான் விமானங்களோடு அவர் நடத்திய சண்டை மர உச்சி மட்டத்தில் நடந்தது. அடிபட்டதும் தளத்துக்குத் திரும்பச் சொன்னார்கள். அவருடைய ‘நாட்’ (Gnat) ரகப் போர் விமானம் சற்று நேரம் இறக்கை சாயாமல் பறந்தது. பிறகு தலைகீழாகப் புரண்டு விழுந்தது. கட்டுப்பாட்டு அமைப்பு செயலிழந்திருக்கலாம் என்றே கருதப்படுகிறது. கடைசி நேரத்தில் மேல்மூடி கழன்று பறந்ததைப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே அவர் வெளியேற முயன்றிருக்கிறார்.

இப்படி வெளியேற, முதலில் மூடி கழல வேண்டும். அடுத்து வெடிமருந்து இருக்கையை உந்தித் தள்ளும். விமானி இருக்கையிலிருந்து பிரிந்து, பாராசூட் விரிந்து, அதில் காற்று நிரம்ப வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் உயரம் குறைந்துகொண்டே போகும். விமானம் கவிழ்ந்திருந்தால் இருக்கை ஆளைத் தரையை நோக்கித்தான் தள்ளும். முன்பே குதித்திருக்கலாமே என்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: பாகிஸ்தானின் ஆறு ‘சேபர்’ (Sabre) ரகப் போர் விமானங்களை ஒருவரே எதிர்த்தது எப்படி?

பதில்: தனியாகப் போக வேண்டும் என்பது திட்டமல்ல. தயார்நிலையில் இருந்த இரண்டு நாட் விமானங்களில், அந்த இணையின் தலைவருடைய விமானம் முதலில் கிளம்பியது. தளத்தின் மீது குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போதே செகோன் பின்னால் எழும்பினார். மேலே போனதும் தலைவரின் பார்வையிலிருந்து அவர் விலகிவிட்டார்.

நாட் மிகச் சிறியது. எதிரியின் கண்ணில் எளிதில் படாது, சட்டெனத் திரும்பும். ஆனால் அதிலுள்ள இரண்டு 30 மி.மீ. பீரங்கிகளுக்கும் தலா 115 குண்டுகள்தான். விடாமல் சுட்டால் ஐந்தாறு நொடியில் தீர்ந்துவிடும். நெருங்கிப் போய், குறி அமைந்த பிறகே சுட வேண்டும். அப்படியிருந்தும் ஒரு சேபரைத் தாக்கினார், இன்னொன்றைத் தீப்பற்ற வைத்தார் என்கிறது விருதுக் குறிப்பு. பிறகு மற்ற சேபர்கள் அவற்றின் துணைக்கு வந்துவிட்டன.

1948ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி போர் மூளும்வரை ஸ்ரீநகரில் போர் விமானங்கள் நிறுத்தப்படவில்லை. எனவே அந்த மலைகளும் உயரமும் குளிரும் அவருக்குப் பழகாதவை. துணிச்சலைப் பற்றிப் பேசும்போது பலரும் இதை விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: உடல் கிடைத்ததா?

பதில்: இல்லை. மலையிடுக்கு ஒன்றில் விமானத்தின் சிதைவுகள் கிடைத்தன. தேடியும் உடல் கிடைக்கவில்லை. 2023 ஜனவரியில் அந்தமானின் தீவு ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.